கடலுக்கு மதகு வைத்தவன்

நான் கட்டிய கோட்டைக்கு ஏழு கொத்தளங்களும் ஒரு துறைமுகமும் ஒரு கலங்கரை விளக்கமும் இருந்தன. கட்டும்போது எனக்குப் பதினாறு வயது. கடலை நான் அதுவரை பார்த்ததில்லை.

கோட்டை இருந்தது ஒரு நீளமான ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில். முன்னாலிருந்து புரட்டினால் இயற்பியல் கணக்கு வரும், பின்னாலிருந்து புரட்டினால் கோட்டை வரும். அதைக் கட்டியவர்கள் இரண்டு பேர், நானும் என் பக்கத்துக் கட்டில்காரனும். கட்டிய இடம் நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஒரு விடுதிப் பள்ளி. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அந்தச் சாலையில் அப்போது அதைப் போல நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் இரண்டு ஆள் உயரத்துக்கு மதில், மதிலின் மேல் உடைந்த பாட்டில் கண்ணாடி. வெளியாள் உள்ளே ஏறி வரக்கூடாது என்பதற்காக என்று சொன்னார்கள். எங்கள் மதிலில் கண்ணாடித் துண்டுகள் உட்பக்கமாகச் சாய்ந்திருந்தன.

என் ஊர் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்தார்கள். அப்பா மரவள்ளிக் கிழங்கு மூட்டை இறக்குவார், அம்மா களத்தில் மாவு காயப்போடுவார். எங்கள் வகையறாவில் பத்தாம் வகுப்பு எழுதிய முதல் ஆள் நான்தான். மதிப்பெண் வந்த மறுவாரம் பள்ளியிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். நாற்காலி இரண்டு பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டோம். அவர்கள் உட்கார்ந்திருக்க, அப்பா நின்றுகொண்டிருந்தார். பையனை எங்களிடம் விடுங்கள், ஒரு பைசா வேண்டாம், படிப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்றார்கள். ஒரே ஒரு விதிதான். வாரத் தேர்வுகளின் சராசரி தொண்ணூறுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் இடம் போய்விடும். நடத்தையில் குறை வந்தாலும் போய்விடும். அப்பா அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் படித்துச் சொன்ன பிறகு கைநாட்டு வைத்தார்.

பக்கத்துக் கட்டில்காரன் எங்களுக்குப் பத்து நாள் கழித்து வந்தான். இரும்புப் பெட்டி ஒன்று, கழுத்தில் ஜெபமாலை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அவன் அப்பா விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அவனுடைய மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அவர்கள் ஊர்த் தேவாலயத்துப் பங்குச் சாமியார் எங்கெங்கோ எழுதிப்போட்டு இந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருந்தார். அவன் வீட்டிலும் அவன்தான் முதல் ஆள். டாக்டராவான் என்று கோயிலில் பூசைக்குச் சொல்லியிருந்தார்கள்.

வந்த மறுநாள் துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா பாக்கற?"

"காஞ்சிருச்சில."

"வெயில்ல போட்டா காயாம?"

"எங்கூர்ல முழுசாக் காயாது. எப்பவும் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். இது அப்பளம் மாதிரி இருக்கு, ஒடைஞ்சிரும்போல."

எங்கள் விடுதி மொட்டைமாடியில் துணி காயப்போட ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு மணி நேரம் விடுவார்கள். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் நாமக்கல் மலையும் அதன் தலையில் கோட்டை மதிலும் தெரியும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல யாரு இருக்கா?"

"யாருமில்ல. லவ் பண்றவங்க போவாங்க. போலீஸ்காரரு வந்து இறக்கி உடுவாரு."

"கடல் இல்லாத எடத்துல கோட்டை எதுக்குல? எவன் கப்பல்ல வந்து எறங்கப் போறான்?"

"லாரில வருவானுங்க. இந்த ஊர்ல எல்லாம் லாரிதான்."

அவன் சிரித்த சத்தத்துக்குக் கீழேயிருந்து விசில் வந்தது. அன்றைக்கு மாலை படிப்பு நேரத்தில் என் நோட்டைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்தில் வளைவாக ஒரு கோடு இழுத்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நீ கட்டு என்றான்.

அந்த ஊருக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் வாய்தவறி யாராவது கேட்டுவிடக்கூடும். 'அங்க' என்றுதான் சொல்வோம். வார்டன் பக்கத்தில் நிற்கும்போதே அவன் கேட்பான், "அங்க இன்னைக்குக் காத்து எப்படி?" நான் சொல்வேன், "வாடைக் காத்துதான்." வார்டன் எங்கள் ஊர்களைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

அங்கே திமிங்கல எலும்பில் செய்த வாசல் இருந்தது. கடலுக்கு அடியில் ஒரு மிருகம் தூங்கியது, அது மூச்சு விடுவதுதான் அலை. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண். அவள் எண்ணெய்க்குப் பதிலாகக் கதை சொல்லி விளக்கை எரியவைப்பாள். கதை நின்றால் விளக்கு அணைந்துவிடும். கடலில் செத்தவர்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு படகில் வந்து, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வீட்டாரைப் பார்த்துவிட்டுப் போகலாம். அந்த நேரத்தைப் போட்டவன் நான். எங்களுக்குப் பெற்றோர் வந்து பார்க்கும் நேரமும் அதுதான். ராஜா வைக்கலாமா என்று கேட்டபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம்ல. நாலு நாள்ல வார்டன் ஆயிருவான்."

சண்டைக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. சனிக்கிழமை தோறும் எங்களுக்குத் தேர்வு. இருவருடைய விடைத்தாள்களிலும் நூற்றுக்குக் குறைந்த மதிப்பெண்ணைக் கூட்டி, பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு எதிரிக் கப்பல் என்று கடலில் வரைவோம். முழு மதிப்பெண் வாங்கிய பாடத்துக்கு ஒரு கப்பல் மூழ்கும். முதல் இரண்டு மாதம் கடல் காலியாகவே இருந்தது. கலங்கரை விளக்கத்துப் பெண்ணுக்கு வேலையே இல்லை என்று கிண்டல் செய்துகொண்டோம்.

மதகு விஷயம் அந்த நாட்களில்தான் நடந்தது.

கோட்டையின் கடல் பக்கத்து மதிலை நான் வரைந்து முடித்திருந்தேன். நான் பார்த்த பெரிய தண்ணீர் பனமரத்துப்பட்டி ஏரி ஒன்றுதான். அது நிறைந்து பார்த்தது இரண்டு தடவை. எனக்குத் தெரிந்த தண்ணீருக்குக் கரை உண்டு, இறங்கப் படிக்கட்டு உண்டு, நிறைந்தால் திறந்துவிட மதகு உண்டு. மூன்றையும் வைத்தேன். வடக்கு மூலையில், திருகு கம்பியும் இரும்புப் பலகையுமாக மதகை ரொம்ப அக்கறையாக வரைந்திருந்தேன்.

அவன் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டான். டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு முதுகு குலுங்கச் சிரித்தான்.

"ஏல, கடலுக்கு எவம்ல மதகு வைப்பான்?"

"தண்ணி நெறைஞ்சா என்னடா பண்ணுவ? கரை ஒடைஞ்சு ஊருக்குள்ள வந்துராதா?"

"கடலு நெறையாதுல. அது வாரதும் போறதும் யாரக் கேட்டு? உப்பளத்துல வைப்பாக. அது தண்ணி உள்ள வாரதுக்கு. வெளிய போறதுக்கு இல்ல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது போல. ரப்பரை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இருக்கட்டும். அழிக்காத. கோட்டைன்னா வெளிய போறதுக்கு ஒரு ரகசிய வழி வேணும்லா. உன் மதகு வழியாத்தான் அங்க உள்ளவன் தப்பிக்கணும்."

அப்போது இருவரும் கவனிக்காத ஒன்று இருந்தது. மதில் சூழ்ந்த இடம் என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தெரியாமலே அதன் அளவுக்குத்தான் கோட்டையைக் கட்டியிருந்தேன். திமிங்கல வாசல் இருந்த இடம் எங்கள் பள்ளியின் கேட். ஏழு கொத்தளங்களும் ஏழு விளக்குக் கம்பங்கள். மதகு வைத்த வடக்கு மூலையில் பள்ளியின் சமையல்கூடம் இருந்தது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மதிலுக்கு அடியில் ஒரு திறப்பு வழியாகப் பின்னாலிருந்த தென்னந்தோப்புக்குப் போகும். அந்தத் திறப்புக்கு ஒரு இரும்புக் கம்பி வலை போட்டிருந்தார்கள்.

மூன்றாவது மாதம் கப்பல்கள் வர ஆரம்பித்தன.

எல்லாம் அவனுடைய மதிப்பெண்கள். அவன் தமிழில் படித்துவிட்டு வந்தவன். நானும் அப்படித்தான். ஆனால் எனக்கு மனப்பாடம் வரும். புரியாததையும் அப்படியே எழுதிவைத்துவிடுவேன். அவனுக்குப் புரியவேண்டும். வேதியியலில் ஒரு சமன்பாட்டைப் பிடித்துக்கொண்டு, ஏன் அப்படி என்று கேட்டான். "ஏன்னு கேட்டா மார்க் போடுவாங்களா?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒவ்வொரு மாதமும் மதிப்பெண்படி பிரிவுகளைக் கலைத்துப் போடுவார்கள். முதல் பிரிவிலிருந்து மூன்றாவதுக்கும், மூன்றாவதிலிருந்து கடைசிக்கும் இறங்கினான். கடைசிப் பிரிவுக்கு மின்விசிறி இல்லாத தகரக் கொட்டகை. மதிப்பெண் குறைந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்து நின்றுகொண்டே சாப்பிடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு பேசக் கிடைக்கும் ஐந்து நிமிட போனும் கிடையாது. சாமியார் கேட்டு வாங்கிய இடம் என்பதால் அவனுக்குத் தொண்ணூறு விதி இல்லை, ஆனால் தொடர்ந்து மூன்று மாதம் கடைசிப் பிரிவில் இருந்தால் பெற்றோரை வரவழைத்துச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அவன் சாப்பிடுவது குறைந்தது. கட்டிலில் என் பக்கம் திரும்பாமல் சுவர்ப் பக்கம் படுத்தான். ஆனால் சனிக்கிழமை முடிந்து தாள் வந்ததும் நோட்டைக் கேட்டு வாங்குவான். கப்பல்களை அவனே வரைவான். ஒன்றைக்கூட விடமாட்டான். ஒருநாள் பார்த்தபோது கடல் தெரியவில்லை, பாய்மரம்தான் இருந்தது.

"கொறைச்சு வரையேன்டா. வெளையாட்டுதான்."

"சட்டம் சட்டம்தாம்ல. நீ வச்சதுதான்."

இரண்டாம் ஞாயிறு அவன் அப்பா வந்தார். ஆறு மாதத்தில் ஒரே தடவை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவர் சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்தார், கேட்டுக்கு வெளியில் நின்று தலைவாரிக்கொண்டுதான் உள்ளே வந்தார். என் அப்பாவும் அன்றைக்கு வந்திருந்தார். வேப்ப மரத்தடியில் நான்கு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அவன் அம்மா வறுத்துக் கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாட்டைத் திறந்ததும் பக்கத்திலிருந்த குடும்பம் எழுந்து அடுத்த மரத்துக்குப் போனது.

என் அப்பா கருவாட்டை ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்டார், "ஏனுங்க, கடலு வத்துமுங்களா?"

"வத்தும்யா. வத்தம்னு உண்டு. பொறவு ஏறிரும்."

"எங்க ஏரி வத்துனா வத்துனதுதானுங்க. மூணு வருசமானாலும் அப்படியே கெடக்கும்."

"அப்ப நீங்க என்ன செய்வீக?"

"பாத்துட்டு இருப்போமுங்க." அப்பா சிரித்தார். அவரும் சிரித்தார். இரண்டு பேர் கையும் ஒரே மாதிரி காய்த்துப் போயிருந்தது.

அப்போதுதான் அவன் சொன்னான். கருவாட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எப்பா, நான் வீட்டுக்கு வந்துருதேன்."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. மகன் விளையாட்டாகப் பேசுகிறான் என்பதுபோல எங்களைப் பார்த்தார். "எல்லாப் புள்ளையளும் இப்படித்தான் சொல்லுங்களாம், சாமியார் சொன்னாரு. ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருய்யா."

"முடியலப்பா."

"உங்கம்மைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

என் அப்பா அவன் முதுகில் தட்டினார். "படிங்க சாமி. எங்கள மாதிரி மூட்டை தூக்கறதுக்கா வந்தீங்க?" அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு பன்னிரண்டு மணி அடிக்கும்வரை நன்றாகப் பேசினான், அப்பாவிடம் படகைப் பற்றிக் கேட்டான். நான் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மொட்டைமாடியில் என்னிடம் கேட்டான், "மோகனூர்ல ஆறு இருக்குன்னியே, எது?"

"காவிரிதான். எத்தன ஆறு இருக்கு?"

"அது எங்க போவுது?"

"கடலுக்குத்தான். திருச்சி, தஞ்சாவூர்னு போயிக் கடல்ல விழுகும். சமூக அறிவியல்ல இருக்குதே."

"அப்ப ஆத்தோரமாவே நடந்தா கடல் வந்துரும்."

"வரும். உங்க கடல் வராது, அது வேற பக்கம்."

"எல்லாம் ஒரே கடல்தாம்ல," என்றான்.

அவன் கடைசிப் பிரிவில் மூன்றாம் மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை தேர்வு முடிந்ததும் நோட்டை வாங்கினான், கப்பல் எதுவும் வரையாமலே திருப்பிக் கொடுத்தான். "நாளைக்கி மதகத் தொறக்கேன்," என்றான். சமையல்கூடத்துத் திறப்பைத்தான் சொல்கிறான் என்று எனக்குப் புரிந்தது. புரியாததுபோல நோட்டை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். போகாதே என்று சொல்லவில்லை. நானும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை. எனக்குத் தொண்ணூற்று மூன்று சராசரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் துணி துவைக்கும் நேரத்தில் போய்விட்டான். கம்பி வலையை முன்பே தளர்த்தி வைத்திருக்கவேண்டும். மூன்று மணி வருகைப்பதிவில் ஆள் இல்லை.

என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். வார்டனும் தாளாளரும் இருந்தார்கள். அடிக்கவில்லை. அதட்டக்கூட இல்லை. தாளாளர் எதிரில் இருந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். அந்தப் பள்ளியில் மாணவர் யாரையும் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"தம்பி, உனக்குத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். ரோட்டுல லாரி பஸ்ஸுன்னு போறான், அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

வார்டன் மேசைமேல் ஒரு தாளை வைத்தார். அப்பாவின் கைநாட்டு இருந்த தாள். "உங்கப்பன வரச் சொல்லட்டுமாடா? நடத்தைக் குறைவுன்னு எழுதி உன்னையும் கையோட அனுப்பிரலாம். கிழங்கு மூட்ட எறக்கப் போறியா?"

அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அந்தக் கைநாட்டைப் பார்த்தேன், அதனால் சொன்னேன். விடுதிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து வந்தேன். கடைசிப் பக்கத்தை விரித்து, வடக்கு மூலையில் விரலை வைத்தேன்.

"இதுல போயிருப்பான் சார்."

"இது என்ன?"

"சமையல்கட்டுத் தண்ணி போற எடம் சார்."

"எங்க போயிருப்பான்?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்க மாட்டான் சார். மோகனூர். ஆத்துக்கு."

பள்ளி வேன் போனது. விளக்கு வைப்பதற்குள் கூட்டிவந்துவிட்டார்கள். ஆற்று மணலில் உட்கார்ந்திருந்தானாம். காவிரியில் கணுக்கால் அளவுதான் தண்ணீர் இருந்ததாம். ஓடவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை, வேனைப் பார்த்ததும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டான் என்று டிரைவர் சொன்னார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவனை மேடையில் ஏற்றினார்கள். தாளாளர் கையில் எங்கள் நோட்டு இருந்தது. மைக்கில் படித்தார். திமிங்கல வாசல். கதை சொல்லி விளக்கெரிக்கும் பெண். செத்தவர்களுக்குப் பார்வை நேரம் பத்திலிருந்து பன்னிரண்டு. எண்ணூறு பேர் சிரித்தார்கள். படிக்க அனுப்பினால் சிலர் எப்படிக் கோட்டை கட்டுகிறார்கள் பாருங்கள் என்றார். பக்கத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கடல்ங்கறான், கடலுக்கு மதகு வச்சிருக்கான். எந்த அறிவாளிடா கடலுக்கு மதகு வச்சது?"

இந்தச் சிரிப்பு முன்னதைவிடப் பெரிதாக இருந்தது.

அவன் மேடையிலிருந்து பார்த்தான். அந்த நோட்டு என் பெட்டியில்தான் இருந்தது. பெட்டிச் சாவி என் இடுப்புக் கயிற்றில் இருந்தது. யார் எடுத்துக் கொடுத்தது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்திருக்காது. நான் முதல் வரிசையில் நின்றிருந்தேன், முதல் பிரிவுக்கு முதல் வரிசை. அவன் பார்வை என்மேல் வந்து நிற்கும் என்று காத்திருந்தேன். அது என்னைத் தாண்டிப் பின்வரிசைகளுக்குப் போய்விட்டது.

"நான்தான் சார்," என்றான்.

"எல்லாம் நீதானா? கூட யாரு?" என் நோட்டு என்று தெரிந்தும் தாளாளர் முதல் வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

"யாருமில்ல சார். நான்தான்."

கையைத் தூக்கியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்றவன் சிரித்துக்கொண்டே என் தோளில் இடித்தான், "மதகுடா, டேய்." நானும் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டேன்.

அவன் அப்பா இரண்டாம் நாள் வந்தார். இந்தத் தடவை தலைவாரவில்லை. அலுவலகத்தில் அவருக்கு நாற்காலி போடவில்லை என்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு விடுதிக்கு வந்து மகனின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "நீயாவது நல்லாப் படிய்யா," என்றார். அவன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தான். சட்டை மடிப்பு மடிப்பாக மொடமொடவென்று இருந்தது. என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

கம்பி வலையை எடுத்துவிட்டு அங்கே சிமென்ட் பூசினார்கள். ஒரு கையகலக் குழாய் மட்டும் வைத்தார்கள். மழைக்காலத்தில் சமையல்கூடத்துக்குள் தண்ணீர் நின்றது.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியின் மூன்றாவது இடம். என் முகம் போட்ட பேனர் சாலையோரத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றது. அப்பா ஆலை லாரியில் அந்தப் பக்கம் போனபோது இறங்கி அதன் கீழே நின்று பார்த்தாராம். பொறியியல் படித்தேன். இப்போது சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிறேன். வீட்டுமனைகளுக்கு மதில் சுவர், கேட், கழிவுநீர் போக்கு எல்லாம் வரைகிறேன். ஒவ்வொரு வரைபடத்திலும் தண்ணீர் வெளியேறும் இடத்தைக் குறிக்கும்போது கை ஒரு நொடி நிற்கும். கூட வேலை பார்ப்பவர்கள் அதை என் கவனம் என்று நினைக்கிறார்கள்.

போன தைமாதம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். அம்மா சேலை வைத்திருந்த என் பழைய இரும்புப் பெட்டியை வெளியே தூக்கி வைத்துத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில் நீல மையில் ஒரு போன் நம்பர் இருந்தது. லீவுக்கு வந்தால் கூப்பிடு, கடல் காட்டுகிறேன் என்று அவன் முதல் மாதத்தில் எழுதிவைத்தது. ஒன்பது வருடமாக மூடியைத் திறக்கும்போதெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்தது என்று சொல்லமாட்டேன்.

பிற்பகல் வெயிலில், சுண்ணாம்பு ஒட்டிய கையோடு கூப்பிட்டேன். ஒரு அம்மாள் எடுத்தார்.

"யாருய்யா?"

அவன் பெயரைச் சொல்லி, அவன் வீடுதானா என்று கேட்டேன்.

"ஆமாய்யா, நான் அவன் அம்மைதான். இது அவுக அப்பா போனு, அவுக கடலுக்குப் போயிருக்காக. நீ யாரு?"

"நாமக்கல்ல அவங்கூடப் படிச்சேனுங்க."

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்தியது.

"அவன் நல்லா இருக்கானுங்களாம்மா?"

"இருக்கான். உப்பளத்துக்குப் போறான்."

"கடலுக்குப் போறதில்லீங்களா?"

"போட்டுல ஏற மாட்டேங்கான்யா. அவுக அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறுத்துப் போனாக. படிச்சவன்னு உப்பளத்துல தண்ணி தெறக்கவும் அடைக்கவும் வச்சிருக்காக. காலையில போவான், இருட்ட வருவான். யாருகிட்டயும் பேச மாட்டான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எய்யா, கூடப் படிச்சேங்கியே. அவன் அங்க என்னய்யா தப்பு செஞ்சான்? பள்ளிக்கூடத்துல ஒழுக்கம் சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டாக. கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கான். பொம்பளப் புள்ளைகிட்ட எதுவும் நடந்துக்கிட்டானா? திருடினானா? எங்கிட்ட மறைக்காத."

ஒன்பது வருடம் அந்த வீட்டில் அந்தக் கேள்வி இருந்திருக்கிறது. அம்மா எங்கள் வாசலில் தட்டுமுட்டுச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"ஒரு தப்பும் செய்யலீங்கம்மா. நாங்க ரெண்டு பேரும் நோட்டுல ஒரு கோட்டை வரைஞ்சோம், கடலோரத்துல. அவ்வளவுதானுங்க. அவன் ஊட்டுக்கு வரணும்னு கெளம்பினான். போன வழிய வார்டன்கிட்ட நான்தான் காட்டிக் குடுத்தேன். மேடையில அவன நிக்க வச்சுக் கேட்டப்ப, நான் வரைஞ்சதையும் அவன்தான் வரைஞ்சதா ஒத்துக்கிட்டான். நான் பேசாம நின்னேனுங்க."

என் அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"கோட்டையா," என்றார். "படமா?"

"ஆமாங்கம்மா. படந்தானுங்க."

"படம் வரைஞ்சதுக்கா." அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பிறகு, "உம் பேரு என்னய்யா? வந்தா சொல்லணும்லா," என்றார்.

என் பெயரைச் சொன்னேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னேன், ஊரையும் சேர்த்து.

அவர் அதை மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"அப்படி ஒரு பேர அவன் சொன்னதே இல்லியேய்யா," என்றார்.